டீப்ரீஃப் வேலைக்கு ஆகவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு வேலை முடிந்த கையோடு குழுவாக உட்கார்ந்து, நினைத்தது என்ன, நடந்தது என்ன, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசுகிற வழக்கம் சென்னையில் பல இடங்களில் வந்துவிட்டது. ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் ரெட்ரோ என்கிறார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மீட்டிங்கோடு சேர்த்துச் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் டீப்ரீஃப் என்றே சொல்கிறார்கள். மழைக்காலத்தில் களமிறங்கும் தன்னார்வக் குழுக்களும் கல்யாண சமையல் கான்ட்ராக்டர்களும் பெயர் எதுவும் வைக்காமலே இதைச் செய்வதுண்டு. கூட்டமெல்லாம் நடக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே தவறு, அதே பேச்சு. அப்புறம் ஒரு நாள் "இதெல்லாம் டைம் வேஸ்ட்" என்று யாரோ சொல்ல, கூட்டமே நின்றுபோகிறது.

நிறுத்திவிடாதீர்கள். டீப்ரீஃபால் பலன் உண்டா என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ஸ்காட் டானன்பாம், கிறிஸ்டோபர் செராசோலி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முறையாக நடத்தினால் செயல்திறன் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் வரை கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. காசு செலவில்லாத ஒரு பழக்கத்துக்கு இது பெரிய பலன்.

வேலைக்கு மிகப் பக்கத்தில் நின்றவர் பார்த்தது, அடுத்த முறை அந்த வேலையைச் செய்பவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டீப்ரீஃப் இருப்பதே இதற்குத்தான். அது பார்த்தவரின் வாயிலிருந்து வராமலே நின்றுவிடலாம். வந்தபின் திரிந்துபோகலாம். காகிதத்தில் ஏறி அங்கேயே தங்கிவிடலாம். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமில்லை. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குழுவுக்குப் பொருந்துவதிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். அமெரிக்க ராணுவம் 1970-களில் தன் பயிற்சிகளுக்காக உருவாக்கிய முறையில் நான்கு கேள்விகள் உண்டு. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அந்த வித்தியாசம்? அடுத்த முறை எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? இன்று உலகம் முழுக்க நடக்கும் பெரும்பாலான டீப்ரீஃப்களுக்கு எலும்புக்கூடு இதுதான். வரிசை முக்கியம். நம் ஊர்க் கூட்டங்கள் பலவும் மூன்றாவது கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன: "ஏன் இப்படி ஆச்சு?" முதல் இரண்டையும் பேசி முடிக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டால் வருவது ஊகமும் சமாளிப்பும்தான். உங்கள் கூட்டத்தில் இந்த வரிசை இல்லையென்றால், வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் கொண்டுவந்து இரண்டு மூன்று முறை நடத்திப் பாருங்கள்.

யாரும் வாய் திறப்பதில்லை

அடிக்கடி வரும் புகார் இது. "எங்க டீம் ரொம்ப அமைதியான டீம்" என்று மேலாளர்கள் சொல்வார்கள். அதே டீம் டீக்கடையில் நின்று பேசுவதைக் கேட்டால் அமைதி எங்கே போனது என்று தெரியாது. அவர்களிடம் பேச்சு இருக்கிறது, கூட்டத்துக்குள் வரவில்லை. காரணம் நாலைந்து இருக்கலாம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் யார் பேசினார்கள்? தலைவர் தன் கருத்தைச் சொல்லித் தொடங்கியிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்தது. "என்னைப் பொறுத்தவரைக்கும் டெஸ்டிங்லதான் சொதப்பல்" என்று சார் சொன்னபின், "இல்லை சார், ரிக்வயர்மென்ட்டே தப்பா வந்துச்சு" என்று சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்கு மனம் வரும்? வயதிலும் பதவியிலும் சின்னவரிடமிருந்து தொடங்கி மேலே வாருங்கள். தலைவரின் கருத்து கடைசியில் வரட்டும்.

ஆனால் தலைவர் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நடந்ததில் தன் பங்கு என்ன என்பது. இதற்கு நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு. அந்தக் கசிவு கவுன்ட்டவுனின்போதே கண்ணில் பட்டது, பெரிதல்ல என்று கருதப்பட்டது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம், ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து, கசிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது தன் முடிவு, பொறுப்பு தன்னுடையது என்றார். விழுந்த அன்று பத்திரிகையாளர்களை எதிர்கொண்டது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் ஏவுதல் வெற்றி பெற்றபோது, கலாமையே பத்திரிகையாளர்களிடம் பேசச் சொன்னார். ஒரு குழுவில் மேலே இருப்பவர்கள் இப்படி நடந்துகொண்டால், கீழே இருப்பவர் "நானும் ஒன்றைக் கவனித்தேன், சொல்லாமல் விட்டேன்" என்று சொல்லத் துணிவார்.

அடுத்து, அறையில் யார் யார் இருந்தார்கள்? அப்ரைசல் எழுதுபவர், கிளையன்ட், எச்.ஆர். இவர்களில் ஒருவர் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும், பேச்சு மாறிவிடும். முடிவுகளை அவர்களுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தில் பேசியது அப்ரைசலில் ஏறாது என்று தலைவர் வாக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்ததைக் காப்பாற்ற வேண்டும். ஒரே ஒருமுறை மீறினாலும் அந்தக் குழுவில் அடுத்த ஒரு வருடத்துக்கு உண்மை கிடைக்காது.

மூன்றாவது, கேள்வி எப்படி இருந்தது? "எப்படிப் போச்சு?" என்று கேட்டால் "நல்லா போச்சு சார்" என்றுதான் வரும். "எந்த இடத்துல ஒரு நிமிஷம் தயங்கி நின்னீங்க?" "யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்தது எப்போ?" "நாம திட்டம் போட்டப்போ யாருமே யோசிக்காத விஷயம் எது வந்துச்சு?" இப்படிக் கேட்டுப் பாருங்கள். தவறு செய்தாயா என்று கேட்பதைவிடத் தயங்கிய இடத்தைக் கேட்பது எளிதாகப் பதில் வாங்கும். பல தவறுகள் அந்தத் தயக்கத்தின் பக்கத்தில்தான் இருக்கும்.

நான்காவது மொழி. சென்னையில் இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கூட்டம் இங்கிலீஷில் போனால், திருவண்ணாமலையிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ வந்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான பெண், தனக்குத் தெரிந்ததில் பாதியை மனத்திலேயே வைத்துக்கொள்வாள். தொழிற்சாலையில் கூட்டம் தமிழில் போனால் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி தலையாட்டிவிட்டுப் போவார், இத்தனைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றது அவர்தான். தெரிந்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கட்டும். பத்து நிமிடம் கூடுதலாகும். ஆகட்டும்.

இத்தனையும் பார்த்தபின்னும் அமைதி என்றால் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது. நன்றாகப் போனது ஒன்று, இடறியது ஒன்று எழுதி மடித்துக் கொடுக்கட்டும். யார் எழுதியது என்று கேட்காமல் ஒருவர் எல்லாவற்றையும் வாசிக்கட்டும். ஒரே விஷயத்தை நாலு பேர் எழுதியிருப்பது தெரிந்ததும் நாலு பேருக்கும் தைரியம் வந்துவிடும்.

"எங்கள் குழுவில் பிழையே வருவதில்லை, அதனால்தான் பேச ஒன்றுமில்லை" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளை 1990-களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருப்பதைக் கண்டார். அந்தக் குழுக்களில் பிழையைத் தயங்காமல் வெளியே சொன்னார்கள், அதனால் எண்ணிக்கை கூடியது. ஒன்றுமே வெளியே வராத குழுவைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார்

பெரும்பாலும் அனுபவசாலி, நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார். அவரைக் கூட்டத்தில் அடக்க முயன்றால் மரியாதைப் பிரச்சினை ஆகிவிடும். முன்னதாகவே தனியாகப் பார்த்து, "அண்ணா, இன்னிக்கு நீங்க எல்லாருக்கும் கடைசியா பேசுங்க, அதுவரைக்கும் பாய்ன்ட் எல்லாம் நீங்கதான் எழுதணும்" என்று பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். எழுதுபவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். பேசுகிறவர் நீங்களே என்றால், கூட்டத்தை வேறொருவர் கையில் கொடுங்கள்.

கூட்டம் குற்றவாளியைத் தேடுகிறது

வடபழனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு. இரண்டாவது பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனது. இலையில் சாதத்தோடு ஜனங்கள் காத்திருந்தார்கள், பெண் வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. பாத்திரமெல்லாம் கழுவி ஏற்றியபின் கான்ட்ராக்டர் எல்லாரையும் உட்கார வைத்தார். முதல் கேள்வி, "சாம்பார் வாளி யார் கையிலடா இருந்துச்சு?" எல்லார் பார்வையும் ஒரு பையன் மேல் போனது. அவன் தரையைப் பார்த்தான். அதற்கப்புறம் அந்தப் பந்தியைப் பற்றி அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையல் மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் வாளி காலியானதும் எங்க போன? அங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். பையன் சொன்னான்: "அண்டாகிட்ட போனேன் மாஸ்டர். அடி வரைக்கும் வந்திருந்துச்சு. ரெண்டாவது அண்டா அடுப்புல ஏறவே இல்ல. நீங்க பாயசத்துல நின்னீங்க. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல." இரண்டாவது அண்டாவை ஏற்றச் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர். வாழையிலை வந்த வண்டி தாமதமானதால் அவர் வாசலில் நின்றிருந்தார். அடுப்படியில் இருந்தவர் அவர் சொல்லுக்காகக் காத்திருந்தார். கடைசியில் எடுத்த முடிவு எளிமையானது. முதல் பந்திக்கு இலை போட்டதும் இரண்டாவது அண்டா அடுப்பில் ஏற வேண்டும், யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு கேள்விகளுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். "யார் செய்தது" என்ற கேள்விக்குக் கிடைப்பது ஒரு பெயர். "அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்தது, என்ன பார்த்தாய், அடுத்து என்ன செய்யலாம் என்று நினைத்தாய்" என்ற கேள்விக்குக் கிடைப்பது வேலை நடக்கும் விதம். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களின் முடிவு நியாயமாகத்தான் இருக்கும். அந்தத் தகவல் ஏன் அவ்வளவுதான் இருந்தது என்பதே தோண்ட வேண்டிய இடம்.

இதற்காக யாருக்கும் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. திருட்டு, குடித்துவிட்டு வருவது, தெரிந்தே பாதுகாப்பு விதியை மீறுவது, பெண்களிடம் அத்துமீறுவது போன்றவை டீப்ரீஃபுக்கு வரக் கூடாதவை. அவற்றுக்கு வேறு வழி உண்டு. பாலியல் தொல்லைப் புகார் என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் போக வேண்டும். அதைக் குழுவாக உட்கார்ந்து "பேசித் தீர்க்க" முயல்வது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இன்னொரு கொடுமை.

ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்

என்ன நடந்தது என்பதிலேயே ஒத்துப்போகாமல் கூட்டம் சண்டையாகிறதா? நினைவை நம்பி நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். யாரும் பொய் சொல்வதாக முதலில் நினைக்காதீர்கள். பரபரப்பான நாளில் நேரம் எல்லாருக்கும் வெவ்வேறாகத்தான் பதிந்திருக்கும்.

ஒரு வெள்ளைப் பலகையில் நீளமாகக் கோடு போடுங்கள். மணி குறியுங்கள். கூட்டத்துக்கு முன்பே ஆதாரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: வாட்ஸ்அப் மெசேஜ்கள், கால் லாக், கேட் ரிஜிஸ்டர், டெலிவரி சலான், சர்வர் லாக், போட்டோவில் இருக்கும் நேரம். ஒவ்வொன்றையும் கோட்டில் ஏற்றியபின்தான் பேச்சு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வேலை செய்த ஒரு தன்னார்வக் குழுவின் கூட்டத்தில் இதன் அருமை தெரிந்தது. ஒரே தெருவுக்கு இரண்டு படகு போயிருக்கிறது, அடுத்த தெருவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. "நான் காலைலயே மெசேஜ் போட்டேன்" என்கிறார் ஒருவர். "எனக்கு அப்படி ஒண்ணும் வரல" என்கிறார் இன்னொருவர். குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு அக்கா இருவர் போனையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அனுப்பியவர் போனில் காலை நேரத்தில் மெசேஜ் இருக்கிறது. 'இன்ஃபோ' அழுத்திப் பார்த்தால், போய்ச் சேர்ந்தது பிற்பகலில். அன்று டவர் விட்டு விட்டு வந்ததால் மணிக்கணக்கில் ஒற்றை டிக்கிலேயே நின்றிருக்கிறது. இருவர் சொன்னதும் உண்மை. அறையில் இருந்த கோபம் அந்த நொடியில் இறங்கிவிட்டது, பேச்சு உருப்படியான இடத்துக்கு வந்தது. பத்து நிமிடத்தில் இரண்டாவது டிக் விழவில்லையென்றால் போன் செய்வது, போன் போகாவிட்டால் ஆள் அனுப்புவது, எந்தத் தெருவுக்கு யார் போகிறார்கள் என்பதை ஒரே ஒருவர் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது என்று முடிவானது.

கோட்டில் ஏற்றும்போது இன்னொன்றும் கவனியுங்கள். எதுவுமே எழுதப்படாத இடைவெளி இருந்தால் அங்கே நில்லுங்கள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பலகை வெறுமையாக இருக்கிறதென்றால், அந்த நேரத்தில் எல்லாரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

"கம்யூனிகேஷன் கேப், இனி கவனமா இருப்போம்"

கூட்டத்தின் கடைசித் தாளில் இந்த மாதிரி வரிகள் இருந்தால் பாடம் இன்னும் கிடைக்கவில்லை. கவனமாக இருப்போம் என்பது வேண்டுதல். அடுத்த திங்கட்கிழமை யார் எதை வேறு மாதிரி செய்வார் என்று அதில் இல்லை.

சந்திரயான் திட்டத்தைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி உடைந்தது. அதிலிருந்து இஸ்ரோ எடுத்த முடிவுகள் எல்லாம் அளந்து பார்க்கக் கூடியவை. சந்திரயான்-2 இறங்க 500 மீட்டருக்கு 500 மீட்டர் இடம் குறித்திருந்தார்கள், அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக்கினார்கள். கால்களை வலுவாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். சூரியத் தகடுகளை அதிகமாக்கினார்கள். வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது. பாடம் என்பது இப்படி ஒரு பொருளிலோ, படிவத்திலோ, நேரத்திலோ, ஒரு ஆளின் வேலையிலோ போய் உட்கார வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் "கம்யூனிகேஷன்" என்ற வார்த்தை வந்தால் அங்கேயே மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் செய்தி? யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்க வேண்டும்? எத்தனை மணிக்குள்? பதில் வந்தபின், அது ஏன் போகவில்லை என்று மேலும் இரண்டு மூன்று ஏன் கேட்டுக்கொண்டே போங்கள். "மறந்துவிட்டார்" என்பதில் நிறுத்தாதீர்கள். மறந்தாலும் வேலை நடக்கும்படி எதை மாற்றலாம் என்பது வரை போக வேண்டும்.

போன முறை பேசியதே இந்த முறையும் நடக்கிறது

என் பார்வையில் ஒரு குழுவின் மனத்தை உடைப்பது இதுதான். பேசாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேசி, எழுதி, ஒப்புக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் விழுந்தால், அடுத்த கூட்டத்தில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். சொன்னதைக் கேட்டார்கள், ஒன்றும் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

போன கூட்டத்தின் தாளை எடுங்கள். அதில் எத்தனை முடிவு இருக்கிறது? பத்து, பன்னிரண்டு என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவற்றைத் தனியாக எழுதி வையுங்கள், முக்கியமானது என்றால் மறுபடி வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கிறதா? "டீம்" என்று எழுதியிருந்தால் யாரும் இல்லை என்று பொருள். அந்தப் பெயருக்கு உரியவரிடம் அதைச் செய்ய அதிகாரமும் பணமும் உண்டா? ஜெனரேட்டரை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு எதிரே எலக்ட்ரீஷியன் பெயரை எழுதிப் பயனில்லை, செக்கில் கையெழுத்துப் போடுபவரின் பெயர் வேண்டும்.

அப்புறம் அந்தத் தாள் எங்கே போனது? மெயிலில் மினிட்ஸாகப் போய் ஒரு ஃபோல்டரில் தூங்கினால் அதை யாரும் திறக்க மாட்டார்கள். அடுத்த வேலையைத் தொடங்கும் முன் நடக்கும் பிரீஃபிங்கில் முதல் இரண்டு நிமிடம் அந்தத் தாளுக்கு. "போன தடவை இந்த மூணு முடிவு பண்ணோம். முதலாவது செஞ்சாச்சா?" செய்தாகிவிட்டால் அடித்துவிடுங்கள். செய்யவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள், வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே கேளுங்கள். நான் சொல்பவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஷிஃப்ட் கற்றது அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியவில்லை

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், வாஷிங்டன் அருகே டலஸ் விமான நிலையத்தில் இறங்கப் போகும்போது மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். இறங்குவதற்கான அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே தாழ்வாகப் பறந்ததுதான் காரணம். அதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் மாட்டி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போகவில்லை. இதன் பிறகுதான், யார் என்று வெளியே தெரியாமல் பிழைகளைத் தெரிவிக்கும் ஏற்பாடு 1976-இல் தொடங்கியது. தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசாவிடம் அதை ஒப்படைத்தார்கள், விமானிகள் நம்பி எழுத ஆரம்பித்தார்கள்.

உங்கள் அளவில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. நைட் ஷிஃப்ட் கற்றதைக் காலை ஷிஃப்டுக்கு நேரில் சொல்ல ஐந்து நிமிடம் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். அம்பத்தூர் கிளை கற்றது கிண்டி கிளைக்குத் தெரிய வாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். தெரிந்த ஒருவரின் குரலில் நாற்பது நொடி வந்தால் கேட்பார்கள், எட்டுப் பக்கம் பி.டி.எஃப். வந்தால் திறக்க மாட்டார்கள்.

நேரமே கிடைப்பதில்லை

கூட்டத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் தேடினால் கிடைக்காதுதான். கேப் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும், தாம்பரம் பக்கம் போகிறவர் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார். அதனால் நேரத்தைத் தேடாமல், ஏற்கெனவே எல்லாரும் ஒன்றாக நிற்கிற ஒரு தருணத்தோடு கட்டிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் இப்படித்தான் செய்கிறது. நோயாளியைத் தியேட்டரை விட்டு வெளியே கொண்டுபோகும் முன் குழு ஒரு நிமிடம் நிற்கிறது. கருவிகளும் பஞ்சும் எண்ணிக்கை சரியா, சோதனைக்கு எடுத்த மாதிரியில் நோயாளியின் பெயர் எழுதியாச்சா, எந்தக் கருவியாவது தகராறு செய்ததா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கலைகிறார்கள்.

உங்களுக்கு அது டீ வரும் நேரமாக இருக்கலாம், வண்டியில் சாமான் ஏற்றி முடித்த நேரமாக இருக்கலாம். நின்றபடியே பதினைந்து நிமிடம் போதும். வேலை முடிந்த அன்றே நடந்தால் நல்லது, மறுநாளைத் தாண்டினால் விவரங்கள் மங்கிவிடும். பெரிய திட்டத்துக்கு மட்டும் அன்றைக்குச் சின்னதாக ஒன்று, இரண்டு வாரம் கழித்து நிதானமாக இன்னொன்று.

ஆன்லைனில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வரி: எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தப்பு நடந்தால் மட்டும் கூட்டம்

அப்படியானால் "டீப்ரீஃப்" என்றதும் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். நன்றாக முடிந்த வேலைக்கும் உட்காருங்கள். அங்கே கேட்க வேண்டியது, எது தற்செயலாக நன்றாக அமைந்தது என்பது. மழை வராததால் தப்பித்தோமா, அல்லது தார்ப்பாய் கட்டியிருந்ததாலா? தார்ப்பாயே கட்டவில்லை என்றால் அது அடுத்த முறைக்கான வேலை.

பேசும்போது ஒருவர் உடைந்துபோகிறார்

விபத்து, மரணம், கண் முன்னே நடந்த கோரம். இவற்றுக்குப் பின் வழக்கமான டீப்ரீஃப் நடத்தாதீர்கள். நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைத்து மனப் பாரத்தை இறக்கிவிடலாம் என்ற முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிற்கால மன உளைச்சல் நோயைத் தடுப்பதற்கு ஆதாரமில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002-இல் வெளியிட்ட தொகுப்பு சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை.

முதலில் ஆட்களைப் பாருங்கள். தண்ணீர், சாப்பாடு, வீட்டுக்குத் தகவல், பத்திரமாக வீடு போய்ச் சேர வண்டி, கூட ஒரு ஆள். பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாதவரைத் தூண்டாதீர்கள். தூக்கமில்லை, பயம் விடவில்லை என்று நாட்கள் போனால் மனநல உதவிக்கு வழி காட்டுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வேலை நடந்த விதத்தை ஆராயும் கூட்டம் சில நாள் கழித்து, வர முடிகிறவர்களோடு மட்டும் நடக்கட்டும். வர மறுத்தவரிடம் ஏன் என்று கேட்க வேண்டாம்.

இத்தனையும் செய்தும் அசையவில்லை

அப்போது கூட்டத்தை நடத்துபவரை மாற்றிப் பாருங்கள். வேறு பிரிவிலிருந்து, இந்த வேலையின் முடிவில் லாப நஷ்டம் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு கூட்டம் நடத்தச் சொல்லுங்கள். தலைவர் ஒரு பங்கேற்பாளராக மட்டும் உட்காரட்டும். முதல் கூட்டத்தின் முடிவில் குழுவிடம் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கேளுங்கள்: "இந்த அறையில் இன்று சொல்ல நினைத்து நீங்கள் சொல்லாமல் விட்டது உண்டா?" ஆம் அல்லது இல்லை, அவ்வளவு போதும், என்னவென்று எழுத வேண்டாம். ஆம் என்று வந்த தாள்களை எண்ணி, அந்த எண்ணை அப்படியே தலைவரிடம் கொடுங்கள். இரண்டாவது கூட்டத்தை அந்த எண்ணைப் பற்றிப் பேசித் தொடங்கட்டும்.